டாரட் சீட்டின் சித்திரங்களைப் படிக்கும் முறை

டாரட் சீட்டுக் கட்டைப் புதிதாக வாங்கியவர்கள், அதனோடு வரும் சிறு கையேட்டைப் பிரித்து, 78 சீட்டுகளுக்கும் அதில் கண்டுள்ள பொருள்களைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்பாட்டை உருப்போடுவதுபோல உருப்போடத் தொடங்குவது பெருவழக்காக இருக்கிறது. சில வாரங்களில் பலருக்குச் சலிப்புத் தட்டிவிடுகிறது. சலிப்புத் தட்டாமல் முயன்று கற்றவர்களோ, கோப்பை மூன்று வந்தால் கொண்டாட்டம், கோப்பை ஐந்து வந்தால் துக்கம் என்று சொல்லத் தெரிந்துகொள்கிறார்களேயன்றி, எதிரில் அமர்ந்து கேட்பவருடைய வாழ்க்கையோடு அந்தச் சொல்லை இசைத்துக் காட்டும் வகையறியாமல் திகைத்து நிற்கிறார்கள். ஆகையால் இந்த அத்தியாயத்தைப் படிக்கப் புகும் வாசகர் முதலாவதாகச் செய்ய வேண்டிய காரியம், அக்கையேட்டை மூடி ஒருபுறம் வைத்துவிட்டுச் சீட்டிலுள்ள சித்திரத்தைக் கண்ணாரப் பார்ப்பதேயாகும். அந்தச் சித்திரத்தில் நிற்கும் மனிதன் எந்தத் திக்கை நோக்குகிறான், அவன் கைகள் என்ன செய்கின்றன, காலடியில் இருப்பது நீரா நிலமா பனியா, தலைக்கு மேல் ஆகாயம் என்ன வண்ணம் என்பவற்றிலேயே பொருள் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்னும் மறைஞான ஆராய்ச்சியாளர் அதற்குத் திட்டம் வகுத்தார். பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியப் பெண்மணி சித்திரங்களைத் தீட்டினார். கட்டுக்கு நெடுங்காலம் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயருமே வழங்கி வந்தன. சித்திரம் தீட்டியவர் பெயரைச் சொல்வாரில்லை. பெரிய வேலைக்குச் சொற்பக் கூலியே கிடைத்ததென்று அந்த அம்மையார் அவ்வாண்டிலேயே நியூயார்க்கிலிருந்த ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் புகைப்படக் கலைஞருக்குக் கடிதம் எழுதினார். 1951இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள பியூட் என்னும் கடலோர ஊரில், பொருள் வளமின்றிக் காலமானார். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. அது நமக்கே பயிற்சியாகவும் அமையும். ஒவ்வொரு சீட்டின் கீழ்ப் பகுதியிலும் ஓர் ஓரத்தில், தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் கொடிபோலப் பின்னி அவர் முத்திரையிட்டிருக்கிறார். சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள். தேடும்போது கண் சித்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. சுற்றி வந்த கண் நடுவிலுள்ள உருவத்திலேயே நிலைகுத்தி நின்றுவிடாது.

சீட்டின் சரித்திரத்தையும் சுருக்கமாக அறிந்துகொள்வது அவசியம்; ஏனெனில் ஒரே சித்திரத்தில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் எண்ணங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சீட்டாட்டம் பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. கோப்பை, நாணயம், வாள், போலோ ஆட்டத்தில் குதிரைமீதிருந்து பந்தை அடிக்கும் கோல் என்ற நான்கு இனங்களே அங்கே வழங்கின. போலோவை அறியாத இத்தாலியர் அக்கோலை வெறும் தடியாக மாற்றிக்கொண்டார்கள். நான்கு இனங்களுக்கும் உரிய 56 சீட்டுகளோடு 22 துருப்புச் சீட்டுகளைச் சேர்த்து, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியப் பிரபுக்களின் அரண்மனைகளில் ஆடத் தொடங்கிய ஆட்டமே டாரட்டின் மூலம். 1442ஆம் ஆண்டின் பெரரா அரண்மனைக் கணக்குகளிலேயே இச்சீட்டுகளைப் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. மிலானை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்போர்ஸா குடும்பத்தாருக்காகப் பொன்தகட்டின்மேல் கையால் தீட்டிய கட்டொன்றில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சி, நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் பெர்காமோ நகரத்துக் கலைக்கூடத்திலும் ஒரு தனியார் குடும்பத்திடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

இவை ஆடுவதற்கென்றே பிறந்த சீட்டுகள். இவற்றைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் பரவியது. 1781இல் கூர் த ஜெபலான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவை பண்டை எகிப்தியக் குருமார்கள் தம் ஞானத்தை மறைத்து வைத்த நூலின் ஏடுகள் என்று எழுதினார்; எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டுபிடித்ததோ 1822இல். ஆதாரம் சிறிதும் இல்லாத அந்தக் கூற்றை இன்றும் பலர் மெய்யென்று நம்பிச் சொல்லி வருகிறார்கள். வாசகர் அதைக் கைவிட வேண்டுமென்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். எகிப்தைக் கைவிடுவதால் சீட்டின் பெருமைக்குக் குறைவொன்றும் நேராது. இத்தாலிய நகரங்களின் வீதிகளிலும் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் மக்கள் அன்றாடம் கண்ட உருவங்கள் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் நம்மோடு பேசுகின்றன என்பது அந்தக் கட்டுக்கதையைவிட வியக்கத்தக்க விஷயமல்லவா?

இனிப் பயிற்சிக்கு வருவோம். கோப்பை ஐந்து என்னும் சீட்டை எடுத்து மேசைமீது வையுங்கள். கரிய போர்வை போர்த்த ஓர் உருவம் தலை கவிழ்ந்து நிற்கிறது. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை. அதன் எதிரில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளிருந்தது தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டு ‘துக்கம்’ என்று சொல்லிவிடுவோர் பலர். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அவ்வுருவத்தின் முதுகுக்குப் பின்னே இரண்டு கோப்பைகள் சிந்தாமல் நிமிர்ந்து நிற்பது தெரியும். அதற்கும் அப்பால் ஓர் ஆறு ஓடுகிறது. அக்கரையில் ஒரு வீடு நிற்கிறது. அந்த வீட்டுக்குப் போக ஆற்றின்மேல் பாலமும் இருக்கிறது. கொட்டிப்போனது மெய், மிஞ்சியிருப்பதும் மெய், ஆனால் இப்போது இவர் பார்த்துக்கொண்டிருப்பது கொட்டிப்போனதை மட்டுமே என்று இச்சித்திரம் சொல்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் “மிஞ்சியதைப் பார்” என்று உடனே உபதேசிப்பது அன்புடைமை ஆகாது. அவர் துக்கத்தை முதலில் துக்கமென்று ஒப்புக்கொண்டு, அவராகத் திரும்பும் வேளையில் அந்த இரண்டு கோப்பைகளும் அங்கே இருக்கும் என்று சொல்வதே இச்சீட்டைச் சரியாகப் படித்தவர் பேசும் பேச்சு.

துருப்புகளல்லாத சிறு சீட்டுகளில் இப்படிப்பட்ட காட்சிகளைத் தீட்டியதுதான் ஸ்மித் அம்மையார் செய்த பெருங்காரியம். அதற்கு முன் பிரான்ஸில் வழங்கிய மார்செய் வகைக் கட்டுகளில், வாள் ஐந்து என்றால் ஐந்து வாள்களின் வடிவம் மட்டுமே அழகாகப் பின்னிக் கிடக்கும். படிக்கத்தக்க கதை ஒன்றும் இராது. எல்லாச் சீட்டுகளுக்கும் உருவம் தீட்டிய பழைய கட்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் செய்யப்பட்ட ஸோலா புஸ்கா என்பது. அதன் புகைப்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. இதயத்தை மூன்று வாள்கள் ஊடுருவி நிற்கும் வாள் மூன்றை இரண்டு கட்டுகளிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, அம்மையார் அப்புகைப்படங்களைக் கண்டிருக்க வேண்டுமென்பதில் சந்தேகம் எழாது. நாடக அரங்குகளோடு அவருக்கிருந்த பழக்கமும் சித்திரங்களில் தெரிகிறது. சில சீட்டுகளில் உருவங்கள் மேடைபோன்ற சமதளத்தில் நிற்க, ஊரும் மலையும் பின்னே தொங்கவிட்ட திரைபோல இருப்பதைக் காணலாம். ஆகவே ஒவ்வொரு சீட்டையும் நாடகத்தின் ஒரு காட்சியாகக் கொண்டு, திரை எழுவதற்கு முன்னர் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று கேட்பது மிகுந்த பிரயோஜனமுள்ள முறை.

இனத்தையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் வழியை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. கோப்பை நீருக்கும் உணர்ச்சிக்கும் உரியது. வாள் காற்றுக்கும் அறிவுக்கும் சொல்லுக்கும் உரியது. கோல் நெருப்புக்கும் முயற்சிக்கும் உரியது. நாணயம் மண்ணுக்கும் உடலுக்கும் பொருளுக்கும் உரியது. கோலிலெல்லாம் பசுந்தளிர் விட்டிருப்பதைக் கவனித்தால் அது உயிருள்ள முயற்சி என்பது விளங்கும். ஆஸ் தொடக்கம், நான்கு நிலைபேறு, ஐந்து குலைவு, பத்து முடிவு என்று பொதுவாகக் கொள்ளலாம். நான்கு ஐந்துகளையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்: கோப்பையில் துக்கம், வாளில், தோற்றவர் இருவர் விலகிச் செல்ல வாள்களை வாரிக்கொண்டு நிற்கும் ஒருவனின் சிறுமை கலந்த வெற்றி, கோலில் இளைஞர் ஐவரின் கைகலப்பு, நாணயத்திலோ, ஒளி வீசும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் அடியில் பனியில் நடந்து செல்லும் ஏழைகள் இருவர். நால்வகைக் குலைவையும் ஒருசேரக் கண்டபின் ஐந்து என்னும் எண் தானே மனத்தில் பதிந்துவிடும். ஏவலன், குதிரைவீரன், ராணி, ராஜா என்ற பரிவாரச் சீட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவற்றுக்குத் தனி அத்தியாயம் தேவை.

துருப்புச் சீட்டுகளில் இரண்டை மட்டும் இங்கே விரிவாகக் காண்போம். புதியவர்களை மிகவும் அச்சுறுத்துபவை அவையே. அறியாத குறிகாரர் கையில் பலருடைய உறக்கத்தைக் கெடுப்பவையும் அவையே.

பன்னிரண்டாவது துருப்பு தொங்கும் மனிதன். ஒரு காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். பழைய இத்தாலியில் இவனுக்கு வழங்கிய பெயர் துரோகி என்பது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. நாட்டுக்குத் துரோகம் செய்து தப்பியோடியவர்களையும் கடனைக் கொடாமல் ஏய்த்தவர்களையும், தலைகீழாகத் தொங்குபவர்களாகப் பொதுக் கட்டடங்களின் சுவரில் தீட்டி அவமானப்படுத்துவது அந்நாட்டு நகரங்களில் தண்டனை முறைகளுள் ஒன்று. 1440இல் பிளாரன்ஸ் நகரில் ஆந்திரேயா தெல் காஸ்தாஞோ என்னும் ஓவியர் அந்நகரத்துக் கலகக்காரர்களை அவ்வாறு தீட்டி, ‘தூக்கிலிட்டவர்களின் ஆந்திரேயா’ என்றே பட்டப்பெயர் பெற்றார். ஆகவே அக்காலத்துச் சீட்டாட்டக்காரனுக்கு இந்தச் சித்திரம் வீதியில் கண்டு பழகிய அவமானச் சின்னம். 1909ஆம் ஆண்டுச் சீட்டைப் பாருங்கள். மனிதன் தொங்குவது அதேபோலத்தான், ஆனால் அவனைத் தாங்கும் மரம் இலை விட்ட பச்சை மரம், மடக்கிய இடக்கால் வலக்காலுக்குப் பின்னே இளைப்பாறுவதுபோலக் குறுக்கிட்டிருக்கிறது, முகத்தில் வேதனையில்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம் எழுந்திருக்கிறது. உலகம் அவமானமென்று கருதிய நிலையிலே ஒருவன் அமைதியுற்றுப் புதிய பார்வை பெற்றிருக்கிறான். இரண்டு காலத்துப் பொருளையும் சேர்த்தே இந்தச் சீட்டைப் படிக்க வேண்டும். வேலை போய் வீட்டிலிருப்பவருக்கோ, நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் கிடப்பவருக்கோ இச்சீட்டு வந்தால், ஒளிவட்டத்தை மட்டும் காட்டி ஞானம் பேசுவது பாதிப் படிப்பு; பிறர் கண்முன் கட்டுண்டு கிடப்பதன் கூச்சத்தையும் அச்சித்திரம் அறிந்திருக்கிறது.

பதின்மூன்றாவது மரணம். பழைய கட்டுகள் பலவற்றில் இந்தச் சீட்டுக்கு எண் உண்டு, பெயர் எழுதப்படவில்லை. ஸ்மித்தின் சித்திரத்தில், கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு வெண்குதிரையில் மெல்ல வருகிறது. அரசன் முடி சிதறத் தரையில் கிடக்கிறான்; பொன்னாடை புனைந்த குருவானவர் கைகூப்பி நிற்கிறார்; இளம்பெண் முழந்தாளிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்; அவளருகிலுள்ள குழந்தை ஒன்றுதான் அஞ்சாமல் நிமிர்ந்து பார்க்கிறது. நான்கு மனிதர், நான்கு மனோபாவங்கள். இந்தச் சீட்டு வந்தவரிடம், இந்நால்வரில் நீங்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொல்லும் விடை, நீங்கள் நூல்களில் படித்த எந்தப் பொருளைக் காட்டிலும் ஆழமுடையதாக இருக்கும். இனிக் கொடியைக் கவனியுங்கள். கரிய துணியில் வெள்ளை ரோஜா மலர் தீட்டியிருக்கிறது. முதற் சீட்டாகிய பேதை, மலையுச்சியின் விளிம்பில் நாயொன்று துள்ள, கவலையற்றுப் புறப்படும்போது கையில் பிடித்திருப்பதும் வெள்ளை ரோஜாவே. பின்புறத்தில் இரண்டு கோபுரங்களுக்கிடையே சூரியன் தெரிகிறான். அதே இணைக் கோபுரங்கள் பதினெட்டாவது சீட்டாகிய நிலவில் மறுபடியும் வருகின்றன. இவ்வாறு ஒரு சின்னம் ஒரு சீட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்வதைப் பின்தொடர்ந்து செல்வதே சங்கேதங்களைக் கற்கும் ராஜபாட்டை. ஒரு நிலை முடிந்து மற்றொரு நிலை தொடங்குகிறது என்று இச்சீட்டுக்கு எல்லா நூல்களும் பொருள் கூறும். அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பதைக் குதிரைக்காலடியில் கிடக்கும் அரசன் காட்டுகிறான். அதையும் மறைக்க வேண்டாம்.

மற்றவற்றைப் பற்றி ஓரிரு குறிப்புகள் போதும். மந்திரவாதி பழைய சீட்டுகளில் சந்தைவெளியில் மேசை போட்டு வித்தை காட்டியவன். வெயிட் அவனை மெய்ஞ்ஞானியாக உயர்த்தி, அதே மேசைமேல் கோப்பை, வாள், கோல், நாணயம் நான்கையும் பரப்பி வைத்தார். கைத்திறனா மெய்ஞ்ஞானமா என்ற ஐயம் அந்தச் சீட்டில் இன்றும் தங்கியிருப்பது நல்லதே. எட்டாம் எண் வலிமைக்கும் பதினோராம் எண் நீதிக்கும் உரியதென்று வெயிட் மாற்றினார். மார்செய்க் கட்டில் அவ்விரண்டும் இடம் மாறியிருக்கும், கண்டு குழம்ப வேண்டாம்.

தலைகீழாக விழும் சீட்டுக்கு வேறு பொருள் உண்டென்ற சம்பிரதாயம் எத்தேயா என்ற பாரிஸ் நகரத்துக் குறிகாரர் காலம் முதல் வழங்குகிறது. தொடக்கக்காரர் அதை ஓராண்டேனும் ஒத்திப்போட்டு, எல்லாச் சீட்டுகளையும் நேராகவே வைத்துப் படிப்பது நலம்; நேரான சித்திரத்திலேயே நிழலும் ஒளியும் போதிய அளவு இருக்கின்றன.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நாளை நடக்கப்போவது சீட்டுக்குத் தெரியும் என்று நான் கருதவில்லை. கேட்பவர் மனத்தில் சொல்லாகத் திரளாமல் கிடந்த ஒன்று, சித்திரத்தைக் கண்டதும் சொல்லாகத் திரளுகிறது. அதுவே இக்கலை செய்யக்கூடிய உபகாரம், அது சிறிய உபகாரமும் அன்று. ஆகவே நோய் தீருமா, இன்னார் பிழைப்பாரா, வழக்கு ஜெயிக்குமா என்ற கேள்விகளுக்குச் சீட்டுப் போடாதீர்கள். மருத்துவரிடமும் வக்கீலிடமும் அனுப்பிவையுங்கள். முதுகில் பத்து வாள்கள் பாய்ந்து ஒருவன் குப்புறக் கிடக்கும் வாள் பத்து வந்து, கேட்பவர் முகம் வெளிறினால், சீட்டை மறைக்கவும் வேண்டாம், சமாதானம் சொல்லி மழுப்பவும் வேண்டாம். கரிய வானத்தின் கீழே அடிவானத்தில் மஞ்சள் ஒளி படர்ந்திருப்பதையும், கீழே கிடப்பவனுடைய விரல்கள் ஆசீர்வதிக்கும் பாவனையில் மடங்கியிருப்பதையும் காட்டி, அவர் பார்க்கும்வரை காத்திருங்கள்.

இப்போது மூன்று சீட்டுகளைச் சேர்த்துப் படிக்கலாம். கேட்பவர் பல ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டவர், அடுத்தது என்னவென்று தெரியாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரையே சீட்டைக் கலைக்கச் செய்து, வெட்டி, மேலிருந்து மூன்றை இடமிருந்து வலமாகப் போடுங்கள். கோப்பை ஐந்து, வாள் ஆறு, விண்மீன் என்று வருகின்றன. ‘கடந்தது, நிகழ்வது, வருவது’ என்று உடனே பெயரிடாமல் மூன்றையும் ஒரே நீண்ட சித்திரமாகப் பாருங்கள். மூன்றிலும் நீர் இருக்கிறது. முதலில் அது கடக்கப்படாத ஆறு. நடுவில், முக்காடிட்ட பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு படகோட்டி துழாவிச் செல்லும் துறை. மூன்றாவதில், ஒரு பெரிய விண்மீனும் ஏழு சிறு விண்மீன்களும் மின்ன, ஆடையற்ற ஒரு பெண் முழந்தாளிட்டு, ஒரு குடத்து நீரைக் குளத்திலும் மற்றொரு குடத்து நீரை நிலத்திலும் ஊற்றுகிறாள். முதற் சீட்டில் கவிழ்ந்து வீணான நீரை மூன்றாம் சீட்டில் ஒருத்தி மனமுவந்து ஊற்றுகிறாள் என்பதைக் கேட்பவர் தாமே கண்டுகொண்டால், உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. நடுச்சீட்டில் மட்டும் அவரை நிறுத்தி வையுங்கள். படகின் ஒரு பக்கத்து நீர் அலைகிறது, மறுபக்கத்து நீர் அமைதியாக இருக்கிறது. ஆறு வாள்களும் படகிலேயே நட்டு நிற்கின்றன, அவற்றைக் கரையில் விட்டுவரவில்லை. “உங்களோடு நீங்கள் ஏற்றிக்கொண்டு வந்தவை எவை?” என்று கேளுங்கள். பழைய அலுவலகத்தில் பட்ட ஒரு மனத்தாங்கலையோ, அங்கே பெற்ற ஒரு கைத்தேர்ச்சியையோ அவர் சொல்லக்கூடும். வாளுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். அவர் சொன்ன சொற்களை, நாளையும் கேள்வியையும் மூன்று சீட்டுகளின் பெயரையும் மேலே குறித்து, அப்படியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் விளக்கத்தை அதற்குக் கீழே தனியாக எழுதுங்கள். சில மாதங்கள் கழித்து அதே சீட்டு வேறொருவருக்கு வரும்போது, அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டு, புதியவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கலாம்.